நரம்பறிவியல் இளநிலைப் பட்டம்: பங்கீடும் இணைவும்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் முதலில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும், பின்னர் மரக்காணத்து உப்பளங்களும் எதிர்ப்படும். நரம்பறிவியலுக்கென ஓர் இளநிலைப் பட்டம் வகுக்கப்படுமாயின், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அது எவ்வாறு கடக்கிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடலாம் என இக்கட்டுரை கருதுகிறது.

முதலில் சொல்லாட்சி. தமிழில் 'நரம்பியல்' என்பது பெரும்பாலும் மருத்துவப் பிரிவையே சுட்டுகிறது. எனவே மூளையையும் நரம்பு மண்டலத்தையும் பல நெறிகளால் ஆராயும் துறை இங்கு 'நரம்பறிவியல்' எனப்படுகிறது. 'பல்துறை', 'துறையிடை' ஆகியனவும் ஒன்றல்ல. துறைகளை அடுத்தடுத்து வைப்பது முன்னது. ஒரு துறையின் வினாவை மற்றொன்று மாற்றியமைப்பது பின்னது.

பல்கலைக்கழக மானியக்குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், நான்காண்டுப் பட்டத்தின் 160 கிரெடிட்டுகளுள் 9ஐப் பல்துறைப் பாடங்களுக்கு ஒதுக்குகிறது. துறையிடை முதன்மைப் பாடத்திற்கும் அதில் இடமுண்டு. ஆனால் அதற்குரிய கிரெடிட்டுகளை உறுப்புத் துறைகளுக்குப் பகிர்ந்தளிக்குமாறே அது கூறுகிறது. இது பாகப்பிரிவினையேயன்றி இணைவாகாது. கணிதத் தாளும் உயிரியல் தாளும் ஒரே மாணவரின் கால அட்டவணையில் இடம்பெறுவதனாலேயே அவை ஒன்றோடொன்று உரையாடிவிடுவதில்லை.

மாறாக, உப்பிலிருந்து தொடங்கலாம். நரம்புத் துடிப்பு சோடியம் அயனிகள் உட்புகுவதால் எழுகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோர் ஊசிக்கணவாயின் தடித்த ஆக்சானில் மின்னோட்டத்தை அளந்து, 1952இல் அத்துடிப்பை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினர். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாமையால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கீட்டுப் பொறியைக் கொண்டே அவற்றிற்குத் தீர்வு கண்டார். இதனை உயிரியல் என்பதா, இயற்பியல் என்பதா, கணிதம் என்பதா? கணவாயை இக்கரை மீனவர் நன்கறிவர்; நம் மாணவருள் பலரோ அதனைப் பாடநூற் படமாகவே அறிவர்.

அதே உப்பு வேறொரு வினாவையும் எழுப்புகிறது. தாய்க்கு அயோடின் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி குன்றும். கடலுப்பில் இயல்பாக அயோடின் மிகச் சொற்பம். அதனைச் சேர்த்தே ஆக வேண்டும். அயோடின் சேராத உணவுப்பின் விற்பனைக்கு நடுவண் அரசு விதித்த தடை 2000இல் நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சிறு உற்பத்தியாளரின் பிழைப்பும் அவ்விவாதத்தில் இடம்பெற்றது. எனவே உடலியங்கியல் மட்டும் கற்றவர் இச்சிக்கலின் ஒரு பாதியையே காண்பார். பொருளியலும் சட்டமும் மட்டும் கற்றவருக்கு மறுபாதியே புலப்படும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பணி? தொல்காப்பியர் மனத்தை ஆறாம் அறிவாக வைத்ததைக் கொண்டு நரம்பறிவியலே நம்முடையது எனப் பெருமை கொள்வது எளிது. அதனால் ஆய்வுக்குப் பயனில்லை. மெய்ப்பாட்டியலின் பங்கு வேறு. அகவுணர்வு உடலில் புலப்பட்டு, காண்பவரால் அறியப்படுவது எவ்வாறு என்பது அதன் அக்கறை. முகக்குறிப்பைக் கொண்டு உணர்வை வகைப்படுத்தும் இன்றைய ஆய்வுகள் காண்பவரை எங்கே நிறுத்துகின்றன எனக் கேட்க அது மாணவரைப் பழக்கும். ஆய்வுக்கூடமும் மெய்ப்பாட்டியலை நோக்கி வினா எழுப்ப உரிமையுடையது.

இத்தகைய தாளுக்கு வினாத்தாள் அமைப்பவர் யார் என்பதில்தான் பாடத்திட்டக் குழுக்கள் வழக்கமாகத் தடுமாறுகின்றன. 'அ' பகுதியை ஒரு துறையும் 'ஆ' பகுதியை மற்றொரு துறையும் தனித்தனியே எழுதி அனுப்பினால், பாகப்பிரிவினை மீண்டும் தொடங்கிவிடும்.