தொட்டிச் செடிகளின் பருவங்கள்

கற்பூரவல்லிக்கு விதை வேண்டாம். ஒரு கொத்தை ஒடித்து மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும். தடித்த இலையில் நீரைச் சேர்த்துவைப்பதால் சித்திரை வெயிலைத் தாங்கும். ஐப்பசி அடைமழையில் தொட்டியில் நீர் தேங்கினால்தான் தண்டு அழுகும். புதினா நேர்மாறு: எப்போதும் ஈரம் வேண்டும், கோடையில் மதியத்துக்கு மேல் நிழலும் வேண்டும்.

திருநீற்றுப்பச்சிலையைப் பூக்க விட்டுவிடலாம். அதன் விதைதான் சப்ஜா. கோடையில் நீரில் ஊறி உப்பி, நன்னாரி சர்பத்தில் வழுவழுப்பாக மிதக்கும். துளசி அப்படியல்ல, பூங்கதிரைக் கிள்ளக் கிள்ளத்தான் பக்கக் கிளை வெடித்துப் புதராகும்.

மழைக்காலம் தூதுவளைக்கு உரியது. கொடியிலும் முள், இலையிலும் முள். முள்ளை ஆய்ந்து, நெய்யில் வதக்கி, மிளகு சீரகத்தோடு அரைத்து ரசத்தில் கரைத்தால் கரகரத்த தொண்டைக்கு இதம். அதே மழையில் கற்பூரவல்லி இலையைக் கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டால், ஓம வாசனை தெருவரை போகும்.

மார்கழிப் பனியில் கறிவேப்பிலை பழுத்து உதிரும். பட்டுவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். நுனியைக் கிள்ளிவிட்டு, புளித்த மோரை நீர் கலந்து ஊற்றிவையுங்கள். வெயில் ஏறியதும் துளிர்க்கும். அதுவரை தாளிக்க, காய்கறிக்காரர் கொசுறாகத் தரும் கொத்து இருக்கவே இருக்கிறது.