ஏக்கமும் பஞ்சமும்: கேப் வெர்டே இசை குறித்துச் சில குறிப்புகள்

கேப் வெர்டே என்றதும் இசை கேட்கிற நண்பர்கள் சொல்லும் பெயர் ஒன்றுதான்: செசாரியா எவோரா. அடுத்த சொல்லும் தயாராக இருக்கும்: சொதாத். மொழிபெயர்க்கவே முடியாத ஏக்கம், தீவு மனிதனின் ஆன்மா, கடலின் துயரம், இன்ன பிற. இசைத்தட்டு உறையில் அச்சடித்திருந்ததைத்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். எவோராவின் குரலில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் ஒரு சொல்லை மொழிபெயர்க்க முடியாதது என்று பீடத்தில் ஏற்றிவைக்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கிற எதையெல்லாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

செனகல் கரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் பத்துத் தீவுகள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் வந்தபோது ஆளில்லாத நிலம். 1462இல் சந்தியாகுத் தீவில் குடியேற்றம் தொடங்கியது. ஆப்பிரிக்கக் கரையில் வாங்கிய அடிமைகள் இங்கே இறக்கப்பட்டார்கள், இங்கிருந்து விற்கவும்பட்டார்கள். ஆக, 'பூர்வகுடி' என்று யாரும் கிடையாது. இசையின் ஆதி எது, அசல் எது என்று தேடும் புலமை இங்கே தொடக்கத்திலேயே தடுமாறிவிடும். வந்தவர்களும் கொண்டுவரப்பட்டவர்களும் ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தியும் அதிலிருந்து தப்பியும் உருவாக்கியதுதான் எல்லாமே.

மோர்னாவையே எடுத்துக்கொள்வோம். தேசத்தின் ஆன்மா என்று சொல்லப்படும் இந்தப் பாட்டு பிறக்கும்போதே அழுதுகொண்டு பிறக்கவில்லை. போவா விஸ்தா தீவின் பழைய மோர்னாக்கள் கேலிப் பாட்டுகள், அக்கம்பக்கத்தாரை நக்கலடிப்பவை என்றுதான் சொல்கிறார்கள். பிராவா தீவின் எவுஜெனியு தவாரெஸ் (1867–1930) கையில்தான் அது காதலும் பிரிவும் கலந்த மெல்லுணர்ச்சிப் பாட்டாகிறது. பிறகு மிந்தேலு துறைமுகத்தில் பி. லெசா (1905–1958) பிரேசில் இசையின் தாக்கத்தில் இடைச்சுரக் கோவைகளை நுழைத்து அதன் கிட்டார் நடையை மாற்றுகிறார். பிரிட்டிஷ் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொண்ட ஊர் மிந்தேலு. எல்லாக் கடலின் பாட்டும் அங்கே கரையேறியது. ஆக, 'காலங்காலமான' துயரத்துக்கு வயது அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை.

1992இல் வந்த எவோராவின் 'மிஸ் பெர்ஃப்யூமாடு' தொகுப்பில் உள்ள 'சொதாத்' பாட்டு உலகமெல்லாம் ஓடியது. யார் எழுதியது என்று நெடுநாள் சச்சரவு இருந்து, கடைசியில் சாவ் நிக்கொலாவு தீவைச் சேர்ந்த அர்மாந்து செஃபெரினு சோரெஸ் என்று ஏற்கப்பட்டது. இப்பாட்டில் ஒரு வழி வருகிறது: சாவ் தொமேக்குப் போகிற வழி. பெயர் என்னவோ நம்ம சாந்தோம்தான். இடம் வேறு: கினி வளைகுடாவில் உள்ள இன்னொரு போர்த்துக்கீசியத் தீவு, கொக்கோ தோட்டங்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோதெல்லாம் கேப் வெர்டே மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் காலனிய நிர்வாகம் அங்கே ஏற்றி அனுப்பியது. பெயருக்குத்தான் ஒப்பந்தம். இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த நாட்டில் 1940களின் இரண்டு பஞ்சங்களில் பல பத்தாயிரம் பேர் செத்தார்கள். பாட்டு அந்த வழியின் பெயரைச் சொல்லத்தான் செய்கிறது. பாரிஸில் கேட்டவர்கள் ஏக்கத்தை எடுத்துக்கொண்டு வழியை விட்டுவிட்டார்கள். காரணத்திலிருந்து பிரித்தெடுத்த துயரம்தான் தடையில்லாமல் ஏற்றுமதியாகும்.

இதே கப்பல் பயணத்தைச் சந்தியாகுவின் கோதே தி தோனா (1940–2010) எப்படிப் பாடினார் என்று பாருங்கள். பாட்டின் பெயரே 'ஃபோமி 47', அதாவது நாற்பத்தேழின் பஞ்சம். பஞ்ச வருஷம் தலைப்பிலேயே இருக்கிறது. கப்பலின் பெயர்கூட உள்ளே வருகிறது, அனா மஃபால்தா. இது ஃபுனானா: அக்கார்டியனும், கத்தியால் உரசப்படும் இரும்புப் பட்டையும். அழுகைக்கு உரிய வேகமும் இல்லை, ஆட வைக்கும். பஞ்சத்துக்கு ஆடுவதா என்று கேட்கிற காதுக்கு இது விளங்காது. காலனிய ஆட்சியில் கிராமத்தான் கூச்சல் என்று ஒதுக்கப்பட்டிருந்த இதை, 1975 விடுதலைக்குப் பின் கச்சாஸும் அவரது புலிமுந்து குழுவும் மின்கிட்டாரில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் ஏசப்பட்டது பட்டூக். சந்தியாகுவின் உட்பகுதிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தொடை இடுக்கில் துணிச்சுருளை வைத்துக் கையால் தட்டுகிறார்கள். ஒரு சாரார் இரண்டாகத் தட்ட, இன்னொரு சாரார் மூன்றாகத் தட்டுகிறார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, நடுவில் ஒருத்தி இடுப்பை மட்டும் சுழற்றி ஆடுகிறாள். ஃபினசோன் என்ற பகுதியில் மூத்தவள் ஒருத்தி அந்தக் கணத்தில் தோன்றுவதைப் பாட்டும் பேச்சுமாக நீட்டிக்கொண்டு போவாள்: அறிவுரை, வசவு, ஊர் நியாயம், எல்லாம். ந்யா நாசியா கோமி (1925–2011) இதில் பேர்போனவர். 'ந்யா' என்பது மூத்த பெண்ணுக்கு உரிய மரியாதைச் சொல். திருச்சபைக்கும் நிர்வாகத்துக்கும் இது ஆபாசம், அநாகரிகம். தடைகள் வந்தன. மோர்னாவை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எவோரா பாடியதும் பெரும்பாலும் ஆண்களின் வரிகளைத்தான். இங்கே சொல்லும் பெண்ணுடையது, தாளமும் அவளுடையது.

மேளத்தைப் பிடுங்கிக்கொண்டதால் துணியைத் தட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. 2019இல் மடோனா தன் 'பட்டூக்கா' பாட்டில் இந்தப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அதுவே உலகக் கதையாயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் துணி வெறும் பதிலியாக, இல்லாமையின் அடையாளமாக ஆகிவிடுகிறது. துணிக்குத் தனி வரலாறு உண்டே. இந்தத் தீவுகளில் அடிமைகள் பருத்தி விளைவித்து, அவுரிச் சாயம் தோய்த்து நெய்த துணிகள் கினிக் கரையில் நாணயமாகப் புழங்கின. அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். (பின்னாளில் செனகல் கரையில் பிசின் வாங்கப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனது நம் புதுச்சேரியின் நீலத்துணி.) ஆளை விலைக்கு வாங்கிய பொருளைப் பெண்கள் சுருட்டி மடியில் வைத்துத் தட்டுகிறார்கள் என்று வாசித்தால் வேறொரு பிரதி கிடைக்கிறது. அவர்கள் அப்படி நினைத்துத் தட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. 'பறிக்கப்பட்ட மேளம்' கதைக்கும் அதைவிட உறுதியான ஆதாரம் இருப்பதாகத் தோன்றவில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு ஒரு செய்தி. 1936 மார்ச்சில் மிந்தேலுவிலிருந்து வந்த 'க்ளாரிதாத்' முதல் இதழின் முகப்பில் அச்சானவை சந்தியாகுவின் ஃபினசோன் வரிகள், அதுவும் கிரியோல் மொழியிலேயே. எவ்வளவு துணிச்சல்! ஆனால் அதே இதழின் பல்தசார் லோப்பெஸ், 1951இல் தீவுகளுக்கு வந்த கில்பெர்ட்டு ஃப்ரெய்ரெ இங்கே ஆப்பிரிக்காவே மேலோங்கியிருப்பதாக எழுதியபோது கொதித்துப்போய் 1956இல் வானொலியில் மறுத்துப் பேசினார். பட்டூக்கை முகப்பில் போடலாம்; நீ ஆப்பிரிக்கன் என்று மட்டும் எவனும் சொல்லிவிடக் கூடாது. படித்தவர்களின் இந்த இரட்டை நாக்கு நமக்குத் தெரியாததா என்ன?

2019 டிசம்பரில் யுனெஸ்கோ மோர்னாவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கட்டும். சான்றிதழ் வந்தபின் சோகம் இன்னும் கொஞ்சம் அழகாகப் பாடப்படும், அவ்வளவுதான். அதே நேரம் பட்டூக்கை 'எதிர்ப்பின் குரல்' என்று புனிதப்படுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது வேறொரு சான்றிதழ். ஒர்லாந்து பந்தேரா (1967–2001) அதைப் புனிதமாக நினைக்கவில்லை. கிட்டாரில் வைத்துப் புதிய பாட்டு கட்டினார். தன் முதல் தொகுப்பு வருமுன்னே இறந்துபோனார். லுராவும் மய்ரா அந்த்ராதெயும் அவற்றைப் பாடினார்கள். கிராமங்களிலோ இப்போது துணிச்சுருளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் ரெக்ஸின் தைத்த மெத்தை. சத்தம் கணீரென்று எழுகிறது. பழைய துணியின் மந்தமான ஒலிதான் அசல் என்று வருத்தப்படுகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். தட்டுகிறவர்களுக்குக் கணீரென்ற சத்தம்தான் பிடித்திருக்கிறது.