மழைக்காலம் முழுக்க ஆடிப் பார்த்த கரம் போர்ட்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் விடியும்போது மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் இஸ்தோப்பில் கரம் போர்ட் இறங்கிவிடும். தகரத்தில் மழை அடிக்க அடிக்க ஆட்டம் சூடு பிடிக்கும். போர்ட்டைக் கெடுப்பதும் அதே மழைதான். ஆகவே எங்கள் லயத்துப் பிள்ளைகள் சீட்டுப் பிடித்து வாங்கிய பெரிய போர்ட்டைப் பற்றி உடனே எழுதவில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும் என்று காத்திருந்தேன். கடை வெளிச்சத்தில் எல்லாப் பலகையும் மினுங்கத்தான் செய்யும்.

முன்பு இருந்தது மெல்லிய பலகை. ஒரே பருவத்தில் நடு இறங்கி, மெதுவாகத் தட்டிய காயெல்லாம் வட்டத்துக்கே திரும்பி வந்தது. புதியதன் பலகை 12 மில்லிமீற்றர் தடிப்பு. சுற்றுக்கட்டை அகலம், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆடும் பரப்பு 74 சென்ரிமீற்றர் சதுரம், பொக்கட்டின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். போட்டிகளில் கேட்கும் அளவும் இதுதான்.

சர்வதேச விதியில் அருமையான ஒரு சோதனை இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழுப் பலத்தோடு அடித்தால், அது கட்டையில் மோதி மோதி மூன்றரைத் தடவையாவது பலகையைக் கடக்க வேண்டும். வாங்கிய அன்று நான்கு தடவை கடந்தது. ஒக்டோபரில் ஒரு கிழமை விடாமல் பெய்ததும் மூன்றைத் தாண்டவில்லை. போட்ட காசு போச்சு என்றே நினைத்தோம். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால் பலகையில் துளி வளைவு இல்லை. குற்றம் பவுடரில். போரிக் பவுடர் ஈரம் குடித்துக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, அடுப்படியில் மூடி வைத்திருந்த பவுடரைத் தூவியதும் ஸ்ட்ரைக்கர் பழையபடி ஓடியது. முகப்பவுடர் போடவே போடாதீர்கள், பிசுபிசுத்துவிடும்.

விதிப்படி வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. 25 புள்ளி அல்லது எட்டு போர்ட், எது முதலோ அதோடு ஆட்டம் முடியும். லயத்தில் எங்கள் கணக்கு வேறு: கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50. சின்னப் பிள்ளைகள் கூட்டல் பழகியது இதில்தான். புதிதாக ஆடுபவருக்கு ஒன்று சொல்வேன்: தூரத்திலிருந்து விரலால் சுண்டாதீர்கள். நகம் ஸ்ட்ரைக்கரைத் தொட்டபடி இருக்க, அங்கிருந்தே சுண்டுங்கள். வலியும் இல்லை, குறியும் தப்பாது.

இதை எனக்குக் காட்டித் தந்தது பால் வெட்டும் ஓர் அக்கா. நகக்கண்ணில் பால்கறை காய்ந்து கறுத்திருந்தது. சிவப்பை மூலைப் பொக்கட்டில் இறக்கியதும் பக்கத்திலிருந்த பொடியன், "அக்கா, ஃபாலோ போடுங்க, இல்லாட்டி வெளிய வந்திரும்!" என்று கத்தினான். சிவப்பை அடுத்துத் தன் காய் ஒன்றையும் போட்டால்தான் சிவப்பு நிற்கும். அவர் நிமிரவில்லை. பட்டையில் கத்தி வைக்கும் அதே நிதானத்தில் கட்டையோரம் கிடந்த வெள்ளையை மெல்ல உரசிவிட்டார். அது ஊர்ந்து போய் விழுந்தது. பழைய பலகையில் அந்த அடி நடுவழியில் நின்றிருக்கும்.

இந்த ஆட்டம் எளிய வீடுகளிலிருந்து உலக மேடைவரை ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறது. தமிழ்நாட்டு மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன். 2012இல் கொழும்பிலேயே அந்தப் பட்டத்தை வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் எடுத்தார். நம் தோட்டங்களில் குறி தப்பாத விரல்கள் நிறைய உண்டு. போட்டி அளவுப் பலகைதான் அரிது. அதனால்தான் இந்தப் போர்ட்டை இவ்வளவு அக்கறையோடு பார்க்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பொக்கட் வலையின் முடிச்சு மூன்றாம் மாதமே அவிழ்ந்தது, நைலோன் நூலால் கட்டிவிட்டோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவில் இதை வைத்தால் படுக்க இடமிருக்காது. தனி வீட்டுக்கு வேண்டாம். லயத்துக்கோ வாசிகசாலைக்கோ பொதுவில் வாங்குங்கள். ஈரச் சுவரில் சாய்க்காமல் இரண்டு கட்டை மேல் படுக்க வையுங்கள். நாங்கள் அடுத்த சீட்டில் ஸ்டாண்ட் வாங்கப் போகிறோம். உயரம் 63க்கும் 70 சென்ரிமீற்றருக்கும் இடையில் இருக்க வேண்டும், அந்த அக்கா இப்போது நிலத்தில் குனிந்துதான் ஆடுகிறார்.