பார்த்தேன், புரிந்துகொண்டேன்

கடலில் கப்பல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கொடிகளில் ஒன்றன்மேல் எனக்குத் தனிப் பிரியம். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று நெடுக்காக ஐந்து பட்டை. கயிற்றை ஒட்டிய பக்கம் அகலம், நுனி போகப்போகக் குறுகும். எதிரே நிற்கும் கப்பல் தன் செய்தியைக் கொடிகளாக ஏற்றியதும் இந்தக் கப்பல் அந்த ஐந்து பட்டைக் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றும். "பார்த்துவிட்டேன்" என்று அர்த்தம். அப்புறம் குறிப்பேட்டைப் புரட்டி, எந்தக் கொடிக்கு என்ன பொருள் என்று கூட்டிப் படித்து, விஷயம் விளங்கிய பிறகுதான் முழு உயரத்துக்கு ஏற்றும். "புரிந்துகொண்டேன்" என்று அர்த்தம். பாதியில் நிற்கும்வரை செய்தி அனுப்பியவர் தன் கொடியை இறக்குவதில்லை.

பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்று இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் இரண்டு உயரம் வைத்தார்களே, அந்த நுட்பத்தை நினைக்க நினைக்க எனக்கு இனிக்கும். அட்மிரல் ராம்தாஸ் என்ற மனிதரின் வாழ்க்கையை யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கொடிதான் முன்னால் வந்து நிற்கிறது. கடற்படையில் அவர் தேர்ந்தெடுத்துக் கற்றது தகவல் தொடர்பு. கொடி, விளக்கு, வானொலி என்று எது கையில் கிடைத்தாலும் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லி, எதிரில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் வேலை.

2024 மார்ச் 15ஆம் தேதி, தொண்ணூறு வயதில், ஹைதராபாத்தில் அவர் காலமானார். அந்தச் செய்தியை நான் கௌதள்ளியில் இருந்து படித்தேன். கொள்ளேகாலில் இருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர். மைசூர் மாவட்டமாக இருந்து, 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு போன பகுதி. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். சிவராத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மலைக்கு நடந்து போன கூட்டம் வடிந்து, சாலையோரத்தில் அவர்கள் விட்டுப்போன தண்ணீர்ப் பாக்கெட்டுகள் மட்டும் கிடந்தன. அதற்கு முந்தைய மழை பொய்த்து, கர்நாடகத்தின் பெரும்பாலான தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்திருந்த வருஷம் அது.

டீக்கடைத் திண்ணையில் பக்கத்தில் சித்தப்பா இருந்தார்.

"என்னப்பா, பேப்பரப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டே?"

"நேவிக்குத் தளபதியா இருந்தவரு தவறிட்டாருங்க சித்தப்பா."

"நேவியா? நமக்கும் அதுக்கும் என்ன ஒறவு?"

"ரிட்டயர் ஆனப்புறம் ஒரு கிராமத்துக்குப் போயி வெவசாயம் பண்ணுனவருங்க. மகாராஷ்டிராவுல, அலிபாக் பக்கம்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "போரு போட்டிருந்தாராமா? தண்ணி எத்தன அடியில?"

அந்த வருஷம் எங்கள் ஊரில் யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் அதுதான் முதல் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடு ராம்தாஸ் சித்தப்பாவுக்கு ஒரு பக்கத்துக் காட்டுக்காரர் ஆகிவிட்டார். எனக்கும் அப்படித்தான். தளபதிகளின் படங்களை நான் நின்று பார்த்ததில்லை. மண்ணுக்கு வந்து சேர்ந்த ஒரு கடல்காரரை நிறைய நேரம் நின்று பார்த்திருக்கிறேன்.

உறவு என்ன என்று சித்தப்பா கேட்டதற்கு உண்மையில் ஒரு பதில் இருந்தது. எங்கள் அரசு முத்திரையில் இருக்கும் இரட்டைத் தலைப் பறவை, கண்டபேருண்டம், மைசூர் உடையார்களின் சின்னம். அதே பறவை ஒரு போர்க்கப்பலின் சின்னமாகவும் கடலில் போயிருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களிடம் 'நைஜீரியா' என்று இருந்த பெரிய க்ரூஸரை வாங்கி, 1957 ஆகஸ்டில் 'ஐ.என்.எஸ். மைசூர்' என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். 1971 போரில் மேற்குக் கப்பல் படைக்கு அதுதான் தலைமைக் கப்பல். கடல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் பலர் கண்மூடியிருக்கிறார்கள். அவர்களுடைய நிலப் பத்திரத்தில் இருந்த பறவை அரபிக் கடலைப் பார்த்திருக்கிறது.

அந்தக் கப்பல் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், 1958 ஏப்ரலில், இந்தியக் கடற்படைக்கு முதல் முறையாக ஓர் இந்தியர் தலைமை ஏற்றார். ராம்தாஸ் கட்டாரி. 1911இல் செங்கல்பட்டில் பிறந்தவர். பம்பாயில் 'டஃபரின்' என்ற பயிற்சிக் கப்பல் தொடங்கியபோது அதன் முதல் அணியில் சேர்ந்தவர். பிறகு கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை அளந்து பார்க்கும் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்தவர். நாள்தோறும் மணல் இடம் மாறும் ஆற்றை அளந்தவர் கையில்தான் ஒரு புதிய நாட்டின் கடற்படை முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. 1962 வரை அவர்தான் தளபதி.

அவருடைய மகள் லலிதாவைக் கைப்பிடித்தவர் நம் ராம்தாஸ். மாமனார் பெயரிலும் ராம்தாஸ், மருமகன் பெயரிலும் ராம்தாஸ். மருமகனின் முழுப் பெயர் லட்சுமிநாராயண் ராம்தாஸ். 1933 செப்டம்பரில் பம்பாய் மாதுங்காவில் பிறப்பு, 1953இல் கடற்படை அதிகாரி, 1990 நவம்பரில் தளபதி. மாமனார் உட்கார்ந்த நாற்காலியில் மருமகன்.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஒரு கப்பலை. 'பியாஸ்' என்ற போர்க்கப்பல் 1960 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது. அப்போது தளபதி கட்டாரி. பதினோரு வருஷம் கழித்து, 1971 போரின்போது, அதே 'பியாஸ்' கப்பலுக்குத் தலைவராக வங்கக் கடலில் நின்றவர் ராம்தாஸ். மாமனார் காலத்தில் வீட்டுக்கு வந்த கன்று, மருமகன் காலத்தில் ஏரில் பூட்டப்பட்டது போல. 'விக்ராந்த்' விமானந்தாங்கியோடு சேர்ந்து கிழக்குக் கடலை அடைத்து, எதிரிக்குக் கடல்வழி இல்லாமல் செய்த கப்பல்களில் ஒன்று அது. அந்தப் பணிக்காக ராம்தாஸுக்கு வீர் சக்ரா கிடைத்தது.

போரைப் பற்றி இவ்வளவு போதும். வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். அதுவரை மருத்துவப் பிரிவைத் தவிர வேறெங்கும் பெண்களுக்கு அதிகாரி வேலை கொடுக்காத இந்தியக் கடற்படை, 1992இல் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியபோது தளபதி இவர்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது என் உரிமை என்று நினைக்கிறேன். மூன்று பெண்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட அப்பாவுக்கு, பெண்ணால் ஆகாது என்ற பேச்சு காதில் ஏறியிருக்காது.

மனைவி லலிதாவைச் சொல்லாமல் அந்த வீட்டைச் சொல்ல முடியாது. டெல்லியில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக 'அங்குர்' அமைப்பைத் தொடங்கியவர். 1984இல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு சீக்கியர்கள் மேல் வன்முறை ஏவப்பட்டபோது, கணவர் பணியில் இருக்கும் உயர் அதிகாரி, அரசோடு ஒட்டிய குடும்பம் என்றெல்லாம் ஒதுங்கி நிற்காமல், நிவாரண முகாம்களில் இறங்கி வேலை செய்தவர். அரசுக் குடியிருப்பில் வாழ்ந்துகொண்டு அகதி முகாமில் பாத்திரம் பிடித்து நிற்க மனைவிக்கு ஒரு துணிவு வேண்டும். போகாதே என்று சொல்லாமல் இருக்கக் கணவனுக்கும் அதே அளவு வேண்டும். இரண்டாவது துணிவுக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

மூத்த மகள் கவிதா, பின்னாளில் உலகப் பெண்கள் நிதியத்தின் தலைவியாக அறியப்பட்டவர், கல்யாணம் செய்துகொண்டது ஒரு பாகிஸ்தானியரை. இக்பால் அகமது என்ற பெரிய சிந்தனையாளருக்கு அவர் உடன்பிறந்தார் பிள்ளை முறை. இந்த வரியை நான் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து ஊர்ப் பையன், நாலு வீடு தள்ளிய சாதி என்றாலே கல்யாண வீடு இழவு வீடாகிப்போனதை நாங்கள் இருவரும் பார்த்தவர்கள். இங்கே ஒரு அப்பா, எந்த நாட்டோடு போர் செய்து நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டாரோ, அதே நாட்டில் இருந்து வந்த பையனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்.

"மனசுதான்" என்றார் சித்தப்பா கடைசியில். அவர் ஒரு சொல்லில் முடித்ததை நான் ஒரு பக்கம் எழுதுகிறேன்.

இன்னொரு மகள் சாகரி. கடல்காரர் வீட்டில் 'சாகரம்' என்ற சொல்லைப் பெயரில் சுமந்த அந்தப் பெண், கால்நடை மருத்துவராகி ஆடு மாடு மேய்க்கும் மக்களோடும் பழங்குடி விவசாயிகளோடும் வேலை செய்யப் போனார். கடல் பெயர் கொண்டவர் கொட்டகைக்குள் நுழைந்து மாட்டின் வாயைப் பிளந்து பார்க்கிறார் என்று நினைத்தால் எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் கூடுதலாக ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் கால்நடை மருத்துவர் வரும் நாள் திருவிழா மாதிரி.

1993 செப்டம்பர் 30ஆம் தேதி ராம்தாஸ் ஓய்வு பெற்றார். அறுபது வயது. அலிபாக் பக்கத்தில் பைமாலா என்ற கிராமத்தில் போய்த் தங்கி, கணவனும் மனைவியும் ரசாயன உரம் போடாத விவசாயம் செய்தார்கள். அங்கே இருந்துதான் அவருடைய இரண்டாவது சிக்னல் வேலை தொடங்கியது. கடிதம்.

குடியரசுத் தலைவருக்கு, பிரதமருக்கு, தேர்தல் ஆணையத்துக்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார். அணு ஆயுதம் வேண்டாம் என்று எழுதினார். ராணுவத்தினரின் படங்களையும் தியாகத்தையும் ஓட்டுக் கேட்கப் பயன்படுத்தாதீர்கள் என்று 2019இல் எழுதினார். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து நின்ற மீனவ மக்களுக்காகவும் எழுதினார். வாழ்நாளெல்லாம் கடலைக் காத்தவர், கடலை நம்பிப் பிழைப்பவர்களின் பக்கம் நின்றது எனக்கு இயற்கையாகத் தோன்றுகிறது. அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. கோபப்பட்டவர்கள் நிறைய. நான் இங்கே ரசிப்பது கருத்துகளை மட்டும் இல்லை, எழுதிய முறையையும்தான். பட்டப் பெயர் இல்லாத, வசை இல்லாத கடிதங்கள். யாருக்கு, எதைப் பற்றி, என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக இறங்கி வரும். காற்றடிக்கும் கடலில் தூரத்துக் கப்பல் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கொடியாகக் கட்டி ஏற்றிய கை எழுதியது என்பது தெரியும். அடியில் கையெழுத்து, முன்னாள் கடற்படைத் தளபதி என்ற குறிப்பு, கூடவே பைமாலா என்ற கிராமத்தின் பெயர்.

அந்த ஊர்ப்பெயரில் என் கண் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். டெல்லிக்கு எழுதுகிற கடிதம் டெல்லியிலேயே பிறப்பதுதான் வழக்கம். இது சேறு மிதித்த கால் திண்ணையில் காய்ந்துகொண்டிருக்கும்போது எழுதிய கடிதம்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டார். மலைக்குப் போகும் பஸ் ஒன்று வந்து நின்று, இரண்டு கோழிக்கூடையையும் ஒரு கிழவியையும் இறக்கிவிட்டுப் போனது. தூசி அடங்கியதும் கேட்டார்:

"இத்தன எழுதுனாரே, ஆராச்சும் பதில் போட்டாங்களா?"

ரஹ்மானைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். ஐ. ஏ. ரஹ்மான், பாகிஸ்தானின் பத்திரிகையாளர், அங்கே மனித உரிமை ஆணையத்தை நடத்தியவர். இன்றைய ஹரியானாவில் பிறந்து, பிரிவினையில் அந்தப் பக்கம் போனவர். இரண்டு நாட்டு மக்களும் உட்கார்ந்து பேசட்டும் என்று தொடங்கிய மன்றத்தில் இங்கே இவர், அங்கே அவர். எல்லையில் சுடும்போதும் பேசினார்கள், அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோதும் பேசினார்கள். 2004இல் மகசேசே விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ரஹ்மான் 2021 ஏப்ரலில் லாகூரில் இறந்தார். அவரும் செப்டம்பரில் பிறந்தவர். அவருக்கும் தொண்ணூறு வயது.

"அப்ப ஒருத்தராவது போட்டிருக்காரு" என்றார் சித்தப்பா. கிளாஸை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். "எனக்கும் இவனுக்கும் இன்னொரு டீ போடுங்கண்ணா."