பருப்புக் கஞ்சிப் பானையும் ஏதென்ஸ் பள்ளிகளும்

பழைய கிரேக்கத் தத்துவவாதிகளைப் பற்றி உலவும் வேடிக்கைக் கதைகளில் பல, ஒரே நூலில் இருப்பவை. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோஜெனீஸ் லயர்ட்டியஸ் 10 பகுதிகளாகத் தொகுத்த தத்துவவாதிகளின் வரலாறு அது. கொள்கைகளோடு அவர்களின் சாப்பாடு, சண்டை, சாவு எல்லாவற்றையும் அவர் எழுதி வைத்தார். அவற்றை வெறும் துணுக்குகளாகத் தள்ளிவிடக் கூடாது. சொன்னபடி வாழ்ந்தாரா என்பதுதான் அன்று ஒரு தத்துவவாதியை உரைத்துப் பார்த்த உரைகல்.

பிளேட்டோவின் அகாடமி கி.மு. 387 வாக்கில் ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு தோப்பில் தொடங்கியது. மனிதன் இறகில்லாத இருகால் உயிர் என்று பிளேட்டோ இலக்கணம் சொல்ல, சினிக் மரபின் டயோஜெனீஸ் இறகு பிடுங்கிய சேவலோடு வந்து நின்றார். அதன்பின் 'தட்டை நகம் உடைய' என்ற அடைமொழி சேர்ந்ததாம். அரிஸ்டாட்டில் கி.மு. 335இல் லைசியத்தில் தம் பள்ளியை நிறுவினார். எபிகியூரஸ் பள்ளி நடத்திய தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது. இன்பமே குறிக்கோள் என்ற அந்த மனிதர் நண்பரிடம் கேட்டது, விருந்து என்று நினைத்துச் சாப்பிடக் கொஞ்சம் பாலாடைக்கட்டி!

ஸ்டோயிக் மரபின் கதைகள் இன்னும் சுவையானவை. அதை நிறுவிய சைப்ரஸ் வணிகர் ஜீனோ, கப்பல் உடைந்து ஏதென்ஸ் வந்து, சினிக் ஆசான் கிராட்டிஸிடம் சேர்ந்தார். சீடருக்குக் கூச்சம் அதிகம். அதைப் போக்க, பருப்புக் கஞ்சிப் பானையைக் கையில் கொடுத்து, குயவர் பேட்டை வழியே தூக்கிவரச் சொன்னார் ஆசான். ஜீனோ பானையை மறைக்கப் பார்த்தார். கிராட்டிஸ் கைத்தடியால் ஒரே போடு! கஞ்சி காலில் வழிய ஓடினார் ஜீனோ. அவர்தான் பின்னாளில் சந்தைத் திடலை ஒட்டிய, ஓவியங்கள் நிறைந்த தூண் மண்டபத்தில், போகிற வருகிறவர் எல்லாம் பார்க்கப் பாடம் நடத்தினார்.

அவருடைய சீடர் கிளியாந்தஸ் முன்னாள் குத்துச்சண்டை வீரர். இரவெல்லாம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்பார், பகலில் படிப்பார். பப்பிரஸ் தாள் வாங்கக் காசில்லாமல் சிப்பி ஓட்டிலும் மாட்டெலும்பிலும் பாடம் எழுதினார். கட்டுமஸ்தான ஆள் எப்படிப் பிழைக்கிறான் என்று வழக்கு வந்தது. தோட்டக்காரரும், அவர் மாவு அரைத்துக் கொடுத்த பெண்ணும் சாட்சி சொன்னார்கள். நெகிழ்ந்துபோன நீதிபதிகள் 10 மினா பணம் தர முன்வந்தபோது, வாங்கக் கூடாது என்று தடுத்தவர் ஜீனோ. அந்தத் தண்ணீர்க்காரர்தான் ஜீனோவுக்குப் பின் பள்ளியின் தலைவரானார்.

அடுத்துத் தலைவரான கிரைசிப்பஸ் 705 நூல்களுக்கு மேல் எழுதினார் என்கிறார் லயர்ட்டியஸ். தம் அத்திப் பழங்களைக் கழுதை தின்றதைக் கண்டு சிரித்துச் சிரித்தே அவர் உயிர்விட்டார் என்று ஒரு கதை. நீர் கலக்காத மது குடித்துத் தலைசுற்றி இறந்தார் என்று இன்னொன்று. அந்த நூல்களில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்காதது பேரிழப்பு. அவருடைய வாதங்கள் பலவற்றை, ஸ்டோயிக்குகளை மறுத்தெழுதிய புளூட்டார்க்கின் மேற்கோள்களில்தான் இன்று தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.