பாத்திரம் அறிவது யார் வேலை?

சில ஆண்டுகளுக்கு முன், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிவிட்ட ஒரு நாள். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திய ஓர் அம்மா என்னிடம் வந்தார். "சார், கோயமுத்தூர் போகணும். ஒரு எறநூறு ரூபா இருந்தா குடுங்க" என்றார். கணவர் ஒரு வாரமாக அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். பிள்ளைகளைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்புகிறாராம். நான் உடனே கொடுக்கவில்லை. "ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?" என்று கேட்டேன். பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்கள். சீட்டைப் படிக்கும் முன்பே அந்தக் கறை எனக்கு விடை சொல்லிவிட்டது. ஆனாலும் படித்தேன். படித்து முடிக்கும்வரை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிக்கெட் எடுத்துத் தரட்டுமா?" என்று அடுத்துக் கேட்டேன். "டிக்கெட்டு மட்டும் பத்தாது சார். அங்க அவருக்குச் சோறு குடுத்துருவாங்க. எனக்கு யாரு குடுப்பா?" என்றார்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்ற பழமொழியைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அன்று செய்ததும் அதைத்தான். அந்தப் பழக்கத்தில் எது சரி, எது பிழை என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீலகிரியின் மலைக் கிராமங்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் இந்தப் பழமொழிக்கு வேலையே இல்லை. லைனில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் சீட்டுக் கேட்பதில்லை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்துக் கதவுக்குத் தெரியும். மே மாத சீசனில் ஊட்டி சேரிங் கிராஸில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. கேட்பவரும் அந்நியர், கொடுப்பவரும் அந்நியர். அறிந்தவர்கள் நடுவே பிறந்த விதியை அங்கே கொண்டுவந்தால், அறிதல் விசாரணையாகிவிடுகிறது.

விசாரணை அவசியமான இடங்களும் உண்டு. சுற்றுலாப் பயணிகளிடம் கை நீட்டும் குழந்தையின் கையில் வைக்கும் நோட்டு, அந்தக் குழந்தையை நாளையும் அதே இடத்தில் நிற்க வைக்கும். குழந்தையைப் பிச்சையெடுக்கப் பயன்படுத்துவோருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அங்கே சரியான உதவி குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு அழைப்பு. அதேபோல, நோயாளிக் குழந்தையின் படத்தோடு கைப்பேசிக்கு வரும் கியூ.ஆர். கோடு. எதிரில் முகம் இல்லை, கேட்பதோ பெருந்தொகை. விசாரிக்காமல் அனுப்புவது ஈகை ஆகாது, அசட்டை.

பழக்கத்தின் பெரிய பிழை வேறு. விசாரணை என்று தொடங்கினால் காகிதம் வைத்திருப்பவரே வெல்வார். இந்த மலைக்கு அது நன்றாகத் தெரியும். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. கடல் கடந்து மண்டபம் முகாமுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க அரசே நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான இன்றைய டான்டீ அப்படி வளர்ந்தது. அந்தத் தோட்டங்களில் ஒதுக்கீடு கிடைத்தவருக்கு வேலையும் லைன் வீடும் கிடைத்தன. வேறு மாவட்டங்களில் வியாபாரக் கடன் கொடுத்து இறக்கிவிடப்பட்டு, அது கைகொடுக்காமல், தெரிந்த தொழிலைத் தேடி இங்கே ஏறி வந்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. பசி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பாத்திரத்தைக் காகிதம் முடிவு செய்தது.

காகிதம் இல்லாத இடத்தில் தோற்றம் முடிவு செய்கிறது. அந்த அம்மாவை நான் நம்பியது சீட்டால் அல்ல, விரல் கறையால். என் மனதில் இருந்த 'நல்ல ஏழை'யின் படத்தோடு அவர் பொருந்தினார். அதே கதையைச் சவரம் செய்யாத முகத்தோடு தள்ளாடி வந்த ஒருவர் சொல்லியிருந்தால் பஸ் பலகையைப் படிப்பதுபோல் திரும்பியிருப்பேன். கனடாவின் வான்கூவர் நகரில் வீடற்ற 50 பேருக்குத் தலைக்கு 7,500 டாலரை நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மதுவுக்கும் போதைக்கும் அவர்கள் செலவு கூடவில்லை, தெருவில் கழித்த நாட்கள் குறைந்தன. கடும் போதைப் பழக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் 'கொடுத்தால் குடித்துவிடுவான்' என்பதை முதல் எண்ணமாக வைத்துக்கொள்ள அதற்குப் பிறகு நியாயம் குறைவு.

சட்டம் நெடுங்காலம் நம் சந்தேகத்தின் பக்கமே நின்றது. 1945-ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் கை நீட்டுவதையே குற்றமாக்கியது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அங்கே அமலில் இருந்த இத்தகைய சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. பிச்சைக்கு வறுமைதான் காரணம் என்ற பார்வையை 2021-இல் உச்ச நீதிமன்றமும் முன்வைத்தது. வள்ளுவரோ 'இரவு', 'இரவச்சம்' என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கேட்பதற்கும் இடம் உண்டு, கேட்க நேர்வதில் பெருந்துயரமும் உண்டு என்று இரண்டையும் ஒருசேரச் சொன்னவர் அவர்.

கேட்டதும் கொடுப்பதிலும் குறை இருக்கிறது. அது வாய் உள்ளவருக்கே போய்ச் சேரும். லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுத் திண்ணையில் ஒடுங்கிக் கிடக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி யாரிடமும் கேட்கமாட்டார். இன்னொன்று, அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், ஏற்றிச் செல்ல 108 வண்டியும் இலவசம். கூட இருப்பவரின் சோற்றுக்கும், பறிக்காமல் போன நாட்களின் கூலிக்கும் கணக்கு இல்லை. அந்த ஓட்டையை என் இருநூறு ரூபாய் ஒரு நாள் அடைக்கும். என்றைக்கும் அடைக்க அரசும் தோட்ட நிர்வாகமும் வேண்டும். கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அதைக் கேட்க மறந்தால் நம் ஈகை அவர்களுக்குத்தான் வசதி.

எல்லாம் எடைபோட்டு நான் வந்து நிற்கும் முடிவு இது: விசாரணை தொகைக்கு ஏற்ப இருக்கட்டும், கேட்பவரின் தோற்றத்துக்கு ஏற்ப வேண்டாம். ஆயிரக்கணக்கில் கேட்டால் மருத்துவமனை வரை போய்க் கேட்கலாம். பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சோறும் கேட்பவரிடம் அத்தாட்சி கேட்கக் கூடாது. ஏமாந்தால் எனக்குப் போவது ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசு. உண்மையாகக் கேட்டவரை மறுத்தால் அவர் அன்றிரவு கணவரின் கட்டில் அருகே இருக்கமாட்டார். இரண்டு பிழையும் ஒரே எடை அல்ல.

அன்று இருநூறு ரூபாய் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சீட்டைப் பிரிக்க வைத்ததில்தான் இன்றும் வருத்தம்.