கேட்டலினா 30: மார்க் மாறியது, படகு மாறியதா?

பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எந்த வருஷத்து மாடல்?" கேட்டலினா 30 விஷயத்தில் இதற்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் முடிவு செய்ய முடியாது. மார்க் ஒன்று, மார்க் இரண்டு, மார்க் மூன்று என்று விற்பனைப் பட்டியல்கள் பிரித்துக் காட்டுகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், பெர்க்லி பக்கம், மூன்று மார்க்குகளிலும் ஏறி இறங்கி, பலகையைத் தூக்கிப் பார்த்து, பாய் விரித்து ஓட்டியும் பார்த்தேன். இந்தப் படகைக் காப்பாற்றிய மாற்றங்கள் பல எந்த மார்க் பெயரோடும் வரவில்லை.

முதலில் அடிப்படை. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவின் உட்லண்ட் ஹில்ஸில் உற்பத்தி தொடங்கி, 2008 வரை ஓடிய படகு இது. 6,000க்கும் மேல் கட்டினார்கள். 30 அடிப் பாய்ப்படகுக்கு இது அசாத்தியமான எண்ணிக்கை. கேட்டலினா நிறுவனத்தின் முதலாளி ஃபிராங்க் பட்லரே வடிவமைப்பில் இறங்கியவர். நீளம் 29 அடி 11 அங்குலம், அகலம் 10 அடி 10 அங்குலம். எடை 10,200 பவுண்டு. அதில் 4,200 பவுண்டு அடியில் இருக்கும் ஈயக் கீல். காற்று பாயைப் பிடித்துச் சாய்க்கும்போது படகை நிமிர்த்துவது அந்த ஈயம்தான். அந்தக் காலத்து 30 அடிப் படகுகளுக்கு 10 அடி 10 அங்குலம் தாராளமான அகலம். உள்ளே 6 அடி உயரக்காரர் தலை இடிக்காமல் நிற்கலாம். வார இறுதிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அதற்காகவே வாங்கினார்கள்.

முப்பது வருஷத்துக்கும் மேல் அடிப்பகுதியை ஏன் மாற்றவில்லை? மோல்டுதான் காரணம். ஃபைபர் படகு என்பது பெரிய அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை அடுக்கி, ரெசின் ஊற்றி, இறுகியதும் கழற்றி எடுப்பது. அடிப்பகுதிக்கு ஒரு மோல்டு, மேல்தளத்துக்கு இன்னொன்று, உள்ளே இருக்கைகளும் தரையும் சேர்ந்த தொட்டிக்கு மூன்றாவது. அடிப்பகுதியின் மோல்டை மாற்றினால் கீல், சுக்கான், பாய்மரம் எல்லாவற்றுக்கும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். போதாததற்கு, ஒரே வகைப் படகுகளாகப் போட்டி நடத்தும் உரிமையாளர் சங்கமும் உண்டு. அடிப்பகுதி மாறினால் பழைய படகுக்காரர் சும்மா இருப்பாரா? எனவே பட்லர் கை வைத்ததெல்லாம் பெரும்பாலும் மேல்தளத்தில். ஸ்பிளெண்டர் பைக்குக்கு ஸ்டிக்கர் மாறியது போலத்தான் என்று சிலர் சிரிப்பார்கள். அது முழுக்க நியாயமில்லை, ஆனால் தூரத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

1986இல் வந்த மார்க் இரண்டின் பெரிய செய்தி காக்பிட், அதாவது படகை ஓட்டுகிறவர் இருக்கும் திறந்த பள்ளம். பழைய படகில் உட்காரும் பலகைகள் நேராகப் பின்சுவர் வரை ஓடும். அதில் ஸ்டியரிங் சக்கரம் வைத்திருந்தால், ஓட்டுகிறவர் பின்னால் போக பலகைமேல் ஏறி, சக்கரத்தைச் சுற்றி ஒருக்களித்து நகர வேண்டும். துறைமுகத்துக்குள் திரும்பும் நேரத்தில், ஒரு கையில் கயிறோடு, இது எரிச்சலூட்டும் வேலை. மார்க் இரண்டில் பின்பக்கம் பலகைகளை வெட்டி 'டி' வடிவமாக்கினார்கள். சக்கரத்தின் இரு பக்கமும் நின்றபடியே கடக்கலாம். படத்தில் அற்பமாகத் தெரியும் மாற்றம். ஓட்டும்போது வேறு படகு மாதிரி இருக்கிறது.

1994இன் மார்க் மூன்றில் பின்சுவரையே திறந்து, நடந்து போகும் வழியும் நீருக்கு இறங்கும் படியும் வைத்தார்கள். வெதுவெதுப்பான கடலில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். சான் ஃபிரான்சிஸ்கோவின் குளிர்நீரில் யார் குளிக்க இறங்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆள் தவறி விழுந்தால், குளிரில் விறைத்த உடம்பைப் பக்கவாட்டுக் கம்பிக்கு மேல் தூக்குவதைவிடப் படி வழியாக இழுப்பது எவ்வளவோ மேல். அந்த ஒரு காரணத்துக்காக மார்க் மூன்றுக்கு மதிப்பெண் போடலாம்.

இவ்வளவும் பட்டியலில் வரும் மாற்றங்கள். இனி வராதவை.

நான் ஏறிய பழைய படகு 1978ஆம் ஆண்டு. தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளுக்கு நடுவில் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினேன். முன்பக்கம் 'டொக்' என்று கெட்டியாக வந்த சத்தம், பாய்மரத்துக்குக் கீழே வந்ததும் மந்தமாகிவிட்டது. காரணம் இதுதான்: ஈயக் கீலைப் பிடிக்கும் அடிப்பகுதி முழுக்க ஃபைபர் அல்ல, இடையில் பிளைவுட் அடுக்கி மேலே ஃபைபர் பூசியிருந்தார்கள். 1980களின் பிற்பகுதி வரை கட்டிய படகுகளில் இப்படித்தான். போல்ட் ஓட்டை வழியாக நீர் கசிந்தால் பிளைவுட் ஊறும், நசுங்கும். அப்போது கீலின் முன்மூலையில், ஈயமும் ஃபைபரும் சேரும் இடத்தில், ஒரு வெடிப்பு வாய் திறக்கும். உரிமையாளர்கள் அதற்கு 'கேட்டலினா சிரிப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆரம்பகாலப் படகுகளில் போல்ட்டும் சாதாரண எஃகு. துரு பிடிப்பதைக் கேட்கவா வேண்டும். பின்னால் ஸ்டெயின்லெஸ் வந்தது, பிளைவுட்டுக்குப் பதில் கெட்டி ஃபைபரும் வந்தது. இவை எதுவும் மார்க் மாறிய நாளில் நடக்கவில்லை. மார்க் இரண்டு என்ற பெயரோடு, அடியில் பிளைவுட் உள்ள படகும் உண்டு, இல்லாத படகும் உண்டு.

அடுத்தது பாய்மரம். இந்தப் படகில் அது மேல்தளத்தின்மேல் நிற்கிறது. அதன் அழுத்தத்தை அறைக்குள் ஒரு மரத்தூண் வாங்கி, அடியில் இருக்கும் மரக்கட்டைக்கு இறக்குகிறது. கட்டை எப்போதும் ஈரத்தில் கிடப்பதால் காலப்போக்கில் உளுத்து, தூண் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கும். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கழிவறைக் கதவை மூடிப் பாருங்கள். மேல் விளிம்பில் உரசினால் தளம் கீழே வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்த 1978இல் உரசியது. யாரோ கதவின் மேல்முனையை இழைத்துச் சரிசெய்து வைத்திருந்தார்கள். நோயைவிட இந்த வைத்தியம்தான் என்னைப் பயமுறுத்தியது.

எஞ்சின் கதை தனி. ஆரம்பத்தில் ஆட்டமிக் ஃபோர் என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஓடும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். எனவே கிளப்புவதற்கு முன் நான்கு நிமிஷம் காற்றாடியை ஓட விட வேண்டும் என்பது விதி. பின்னால் யுனிவர்சல் டீசல்கள் வந்தன. பெயர்தான் யுனிவர்சல், உள்ளே இருப்பது குபோட்டா டிராக்டர் எஞ்சின். தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை இயந்திரத்தில் பார்த்த அதே பெயரைப் பசிபிக் கரையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. முதலில் 11 குதிரைத்திறன். விரிகுடாவின் நீரோட்டத்துக்கு எதிரே அது திணறும். பிறகு 21 தரும் எம்25, அதன்பின் 23 தரும் எம்25 எக்ஸ்பி. எம்25இல் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு உடையும் வியாதி உண்டு. உடைந்தால் எஞ்சின் ஆயில் வெளியே கொட்டும். எக்ஸ்பியில் அது சரியாகிவிட்டது.

எல்லாவற்றிலும் மலிவான கோளாறுதான் மிக அபாயமானது. எஞ்சினிலிருந்து காக்பிட் பேனலுக்குப் போகும் வயரை டிரெய்லர் விளக்குக்குப் போடுவது போன்ற ரப்பர் பிளக்கால் இணைத்திருந்தார்கள். பேனலில் ஆம்மீட்டர். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் முழுக்க அந்த பிளக் வழியாகப் பேனலுக்குப் போய் மீட்டரைச் சுற்றித் திரும்ப வரவேண்டும். உப்புக்காற்றில் பின் கறுத்தால் சூடேறும், ரப்பர் உருகும். தீர்வு: பிளக்கை வெட்டி எறிந்து, வயரை நேராகச் சேர்த்து, ஆம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போடுவது.

ஓட்டிப் பார்த்ததில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எதிர்பார்த்ததுதான். கோடை மதியங்களில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு கொதிக்கும்போது கோல்டன் கேட் நீரிணை வழியாகக் கடற்காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்துக்கு மேல் உறிஞ்சப்படும். 15ஐத் தாண்டியதுமே அகலமான இந்தப் படகு சாய்ந்து, காற்றை நோக்கித் திரும்ப அடம்பிடிக்கிறது. சக்கரத்தை இழுத்துப் பிடிக்கக் கை வலிக்கிறது. பெரிய பாயை ஒரு மடிப்பு சுருக்கியதும் சமர்த்தாகிவிடுகிறது. வேகமும் குறையவில்லை.

கீலில் மட்டும் வித்தியாசம் உண்டு. 1983இல் பென் லெக்ஸன் வடிவமைத்த ஆஸ்திரேலியா 2, சிறகு வைத்த கீலோடு 'அமெரிக்காஸ் கப்' பாய்ப்படகுக் கோப்பையைத் தட்டிச் சென்ற பிறகு, சிறகுக் கீல் என்றாலே விற்றது. கேட்டலினா 30க்கும் அந்த விருப்பத் தேர்வு வந்தது: சாதாரணக் கீலின் ஆழம் 5 அடி 3 அங்குலம், சிறகுக்கு 3 அடி 10 மட்டுமே. பெர்க்லி பக்கத்து ஆழமற்ற நீருக்குப் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் சேற்றில் ஏறிவிட்டால் கதை வேறு. சாதாரணக் கீல் படகைச் சாய்த்தால் ஆழம் குறைந்து விடுபடும். சிறகு வைத்ததைச் சாய்த்தால் ஒரு சிறகு இன்னும் கீழே இறங்கும். காற்றுக்கு எதிரே ஏறுவதிலும் ஆழமான கீலே ஒரு பிடி அதிகம் என்று எனக்குப் பட்டது.

ஐரோப்பாவில் மாடல் பெயர் இன்னும் குழப்பம். பெனட்டோ நிறுவனத்தின் ஓஷியானிஸ் 38, 2016 வாக்கில் 38.1 ஆனபோது மாறியது அலங்காரமும் மேல்தள விவரங்களும்தான். மறுவருஷம் வந்த 51.1ஓ அடியிலிருந்து புதிய படகு. ஒரே ".1", இரண்டு வேறு சங்கதி. வாடகைக்கு விடும் கம்பெனிகள் பெருவாரியாக வாங்குவதால், அங்கே ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பின்புறம் இன்னும் அகலமாகிறது, இரட்டைச் சக்கரம் வருகிறது, கட்டில் பெரிதாகிறது.

கேட்டலினாவில் நம்ப வேண்டியது பின்சுவரின் வலது மேல்மூலையில் பொறித்த அடையாள எண். 1984 ஆகஸ்டுக்குப் பிறகான படகுகளில் கடைசி நான்கு எழுத்துகளைப் பாருங்கள். H889 என்று இருந்தால்: எச் ஆகஸ்ட் மாதம், முதல் 8 என்பது 1988, கடைசி 89 மாடல் வருஷம். அதாவது விளம்பரத்தில் 1989 என்று வரும் படகு 1988 கோடையிலேயே மோல்டிலிருந்து வந்துவிட்டது. பிளைவுட்டா ஃபைபரா, எந்த எஞ்சின் என்ற கேள்விக்கெல்லாம் அந்த மாதமும் அதற்கு முன்னுள்ள தொடர் எண்ணும்தான் துப்பு.

என் காசாக இருந்தால் 1989க்கும் 1993க்கும் இடைப்பட்ட மார்க் இரண்டு, ஆழமான கீல், எம்25 எக்ஸ்பி. மார்க் மூன்று அழகு, விலையும் அதற்கேற்ப; நீந்தும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் சொல்வேன். மார்க் ஒன்று கொள்ளை மலிவாகக் கிடைக்கும், நல்லவையும் இருக்கின்றன. ஆனால் படகைச் சோதிக்கும் சர்வேயரைக் கூட்டிப் போய் கரையில் ஏற்றிக் கீலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கழிவறைக் கதவின் மேல்முனையில் புதிதாக இழைத்த தடம் தெரிந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.